கருவிக்கு முன்

"இவங்க எத்தனை மணிக்குத் தூங்குவாங்க?" என்று அந்த ஆள் என்னைக் கேட்டான்.

"இவங்க" என்று அவன் சொன்னது வல்லினம் அக்காவை. அக்கா அவனுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். காது நன்றாகக் கேட்கும். வாய் இருக்கிறதே, அது மூன்று மாடிக்குக் கேட்கும். ஆனால் அவன் என்னைக் கேட்கிறான். நான் யார்? எதிர்வீட்டுக்காரி. வேலை முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வாசலில் நிற்கிறவள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன்? அவங்க முகத்தைப் பாத்துக் கேட்டா உங்க நாக்கு சுருண்டுக்குமா?" என்றேன்.

"இல்ல மேடம், ஃபார்ம்ல எழுதணும், அதான்..." என்று இழுத்தான்.

"விடுங்க டிரைவர், பதினஞ்சு வருஷப் பழக்கம்" என்று அக்கா சிரித்தார். அவர் விடுவார், நான் விட மாட்டேன். நான் சிட்டி பஸ் ஓட்டுகிறவள். தினம் எட்டு மணி நேரம் எவனெவனோ குறுக்கே வருவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் பொறுத்துக்கொள் என்றால் முடியாது.

அவருக்கு வல்லினம் என்று பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறவர் அவர். புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் அதிலுள்ள பிழைகளைப் பொறுக்கி எடுக்கிற வேலை. அந்தப் புத்தியை வேலையோடு விடுவாரா? "நாளை தண்ணீர் நிறுத்தபடும்" என்று லிப்டில் நோட்டீஸ் ஒட்டினால், எங்கள் குடியிருப்புச் செயலாளருக்கு அடுத்த நிமிடமே போன் போகும். "சார், அங்க வல்லினம் மிகும். நிறுத்தப்படும். ஒரு 'ப்' போட்டுடுங்க." ஒரு வருடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட செயலாளர் எரிச்சலில் வைத்த பெயர்தான் வல்லினம். கிண்டலுக்கு வைத்தார். அக்காவுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

முப்பத்தொரு வயதில், பதிப்பகக் கிடங்கில் ஏணியேறிப் புத்தகக் கட்டு எடுக்கப்போய் மல்லாக்க விழுந்தார். கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் இன்று அவர் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. கம்ப்யூட்டர் முன் அந்த இரண்டு விரல்களையும் வாயையும் வைத்துக்கொண்டு மாதம் நானூறு பக்கம் பார்க்கிறார். வயது நாற்பத்தாறு ஆகிறது.

விழுந்த பிறகு பதினொரு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லாவிட்டால் பாவம். மரச்சாமான் கடைக்காரர். கடையை இழுத்து மூடிவிட்டுத் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். சமையலறையை ஒட்டியிருந்த சாமான் அறையைக் காலி செய்து, ஜன்னல் வைத்து, தன் கையாலேயே கட்டில் செய்து போட்டார். எல்லாம் சரி. ஆனால் அந்த அறையில் ஃபேனைக் குறைக்க ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும். விளக்கை அணைக்க ஒரு ஆள். கூப்பிட்டால் "இதோ வரேன்" என்று குரல் வரும், ஆள் வராது.

"அந்தப் பதினொரு வருஷத்துல நான் அதிகமாச் சொன்ன வார்த்தை 'கொஞ்சம்'தான் டிரைவர்" என்று அக்கா ஒருமுறை சொன்னார். "கொஞ்சம் வாங்களேன், கொஞ்சம் திருப்புங்களேன், கொஞ்சம் மூடுங்களேன். கொஞ்சம்னு ஆரம்பிக்கும், கெஞ்சறதுல போய் முடியும்."

நான்கு வருடங்களுக்கு முன் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு எங்கள் இரண்டாவது மாடிக்குக் குடிவந்தார். அப்போது வாங்கியதுதான் அந்தப் பெட்டி. வெள்ளை வெளேரென்று ஒரு சோப்பு டப்பா அளவு இருக்கும். வாசல் கதவு, ஃபேன், விளக்கு, ஜன்னல் திரை, கட்டிலின் தலைமாடு, போன் எல்லாம் அந்தப் பெட்டி சொன்னால் கேட்கும். பெட்டி, அக்கா சொன்னால் கேட்கும். கூப்பிட அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். அக்கா "தம்பி" என்று வைத்தார். "அண்ணனைவிடத் தம்பி சீக்கிரம் வரான் பாருங்க" என்பார். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம் நர்ஸம்மா வந்து குளிப்பாட்டி, உணவூட்டி, உட்காரவோ படுக்கவோ வைத்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் அக்காவும் தம்பியும்தான். "தம்பி, ஃபேனைக் குறை" என்றால் குறையும். "தம்பி, கதவைத் திற" என்றால் எனக்குத் திறக்கும். இந்த நான்கு வருடத்தில் அந்த வீட்டுக்குள் "கொஞ்சம்" என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

இந்த வருடம் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மருக்கு என்ன கேடு வந்ததோ, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கரண்ட் போய்ப் போய் வந்தது. கரண்ட் வந்தால் எல்லார் வீட்டிலும் எல்லாம் எழுந்துகொள்ளும். தம்பி மட்டும் நெற்றியில் ஆரஞ்சு விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். அப்போதெல்லாம் நல்லவேளையாக நர்ஸம்மா கூட இருந்தார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவார், சரியாகிவிடும். போன புதன்கிழமை யாரும் இல்லை.

அன்று பதினொன்றரைக்குப் போன கரண்ட் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. நான் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு மாடியேறுகிறேன், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து "டிரைவர்..." என்று ஒரு குரல். கத்திக் கத்திக் கட்டிப்போன குரல். "தம்பி எழலை. கதவு திறக்காது, போன் போகாது. அண்ணன்கிட்ட ஒரு சாவி இருக்கு, கூப்பிடுங்க."

நர்ஸம்மா போனை எடுக்கவில்லை. அண்ணன் எடுத்தார், ஆனால் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நான் கதவில் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டும், அந்தக் கம்பெனியைப் பெட்டியோடு சேர்த்துத் திட்டிக்கொண்டும் நின்றேன். "உள்ள ஒண்ணும் ஆகலை. நீங்க கதவை உடைச்சுத் தோளையும் உடைச்சுக்காதீங்க" என்று உள்ளேயிருந்து அக்காதான் எனக்குத் தைரியம் சொன்னார்.

ஒன்றும் ஆகாமலா? ஜன்னல் திரை திறந்தபடியே நின்றுபோயிருக்கிறது. ஒரு மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்திருக்கிறது. ஃபேன் இல்லை. அவருடையது பிறர் தள்ளினால் நகரும் சாதாரண நாற்காலி. முகத்தை இந்தப் பக்கம் திருப்பலாம், அந்தப் பக்கம் திருப்பலாம், அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்த்தபோது இரண்டு கன்னமும் சிவந்து கன்றியிருந்தன. உதடு வெடித்திருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று அதை நிழலுக்குத் தள்ளினார். தள்ளிக்கொண்டே என்னைக் கேட்டார். "எவ்வளவு நேரமா இப்படியே இருக்கா?"

"நாலே கால் மணி நேரம்" என்றார் அக்கா.

அண்ணன் குனிந்து பார்க்கவில்லை. என்னிடமே பேசினார். "போதும்மா. ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வரேன். இவளைக் கூட்டிட்டுப் போயிடறேன். அந்த ரூம் அப்படியேதான் இருக்கு."

அந்த ரூம்! நாலே கால் மணி நேரத் தவிப்புக்குக் கலங்காத முகம் அந்த இரண்டு வார்த்தைக்குக் கலங்கியது.

"அண்ணா, ஒரு பேச்சு" என்றார் அக்கா. "ஞாயித்துக்கிழமை வா. வந்து நீயே மெயினை ஆஃப் பண்ணு, நீயே போடு. யாரும் தொடாம தம்பி தானா எழுந்தா நான் இங்கேயே இருப்பேன். எழலைன்னா மறுபேச்சு பேசாம வண்டியில ஏறறேன்."

"படிச்ச இன்ஜினியருங்க செஞ்ச பெட்டி. அதை நீ இங்க உக்காந்துக்கிட்டே சரி பண்ணப்போறியா?"

"உக்காந்துக்கிட்டேதான்."

வியாழக்கிழமை கம்பெனிக்குப் போன் போட்டோம். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். அக்கா நடந்ததைப் புத்தகம் வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "மேடம், வீட்ல யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"நான் இருக்கேன்மா."

"இல்ல மேடம், வேற யாராவது பெரியவங்க..."

"எனக்கு நாப்பத்தாறு வயசு. இன்னும் எவ்வளவு பெரிசாகணும்?"

அதற்கும் அவளிடம் ஒரு பதில் எழுதி வைத்திருந்தது போலிருக்கிறது. "உங்க பொறுமைக்கு நன்றி" என்றாள். எங்களிடம் பொறுமை இருப்பதாக யார் சொன்னது?

மறுநாள் வந்தவன்தான் தொடக்கத்தில் நான் சொன்ன ஆள். நான்கு வருடத்துக்கு முன் பெட்டியை மாட்டியவனும் அவனே. வந்தான், அன்றும் கரண்ட் போய் வந்து ஆரஞ்சு விளக்கோடு கிடந்த தம்பியின் பிளக்கைப் பிடுங்கினான், சொருகினான், நீல விளக்கு வந்தது. "பாத்தீங்களா மேடம், பெட்டியில ஒரு குறையும் இல்ல" என்று கையைத் தட்டிக்கொண்டான். சரியாகிவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. எப்படி என்றால், "தம்பி, அந்த லைட்டை அணைச்சிட்டுக் கிளம்புங்க" என்று நான் அவனிடம் சொல்ல, அவன் ஸ்விட்சைத் தேடுவதற்குள் வீட்டு விளக்கெல்லாம் அணைந்துவிட்டது.

"கரண்ட் போய் வந்தா எழுமா?" என்று அக்கா கேட்டார்.

அவன் என்னைப் பார்த்துப் பதில் சொன்னான். "நான் புத்தகத்துல இருக்கற மாதிரியேதான் மாட்டியிருக்கேன். இவங்களுக்குக் கூட ஒரு ஆளை வெச்சுடுங்க. எழலைன்னா அந்த ஆள் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினாப் போதும்."

"அடப்பாவி, கூட ஆள் வேண்டாம்னுதானேய்யா இந்தப் பெட்டியையே வாங்கினது!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் படியில் இறங்கினானா உருண்டானா தெரியாது.

சனிக்கிழமை எனக்கு வாரவிடுமுறை. காலையிலேயே அக்கா கூப்பிட்டார். "டிரைவர், எனக்கு இன்னைக்கு ரெண்டு கை வேணும். கூடவே ஒரு ஜோடிக் கண்ணு."

மெய்ப்புப் பார்ப்பதில் ஒரு பழைய முறை உண்டாம். ஒருவர் கைப்பிரதியை வாய்விட்டு வாசிப்பார், கமா, புள்ளி உட்பட. மற்றவர் அச்சடித்ததை ஒப்பிடுவார். வாசிக்கிறவர் புத்திசாலித்தனமே காட்டக் கூடாது. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிக்க வேண்டும். "கண்ணுல படறதை மட்டும் சொல்லுங்க. சொந்தமா எதையும் சேக்காதீங்க" என்றார். நான் மெயினை அணைத்தேன், போட்டேன், கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றேன்.

"தம்பி முழிச்சிட்டான்" என்றேன்.

"முழிச்சிட்டான்னா அங்க எழுதியிருக்கு? விளக்கு என்ன நிறம்?"

"வெள்ளை. நாப்பதாவது விநாடி. இப்ப நீலம் மினுங்குது... ஒரு நிமிஷம் பத்து விநாடி, ஆரஞ்சு."

"மத்ததெல்லாம்?"

அலமாரியில் மற்றது என்றால் வைஃபை பெட்டிதான். ரவுட்டர். அதை அந்த ஆள் தம்பிக்கு நேர் முன்னால், தம்பியை மறைக்கிற மாதிரி வைத்திருந்தான். எவ்வளவோ இடம் இருக்க அங்கே ஏன் வைத்தான் என்று துடைக்கும்போதெல்லாம் நர்ஸம்மா திட்டுவார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம் இருபது விநாடிக்குப் பிறகுதான் பச்சை வந்தது. நான்கு தடவை மெயினை அணைத்துப் போட்டோம். நான்கு தடவையும் அதே கதை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "பிளக்கைப் பிடுங்கிச் சொருகினா எழறான். மெயினைப் போட்டா எழலை. தம்பிக்கு ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப வித்தியாசம் தம்பிகிட்ட இல்ல. பிளக்கைப் பிடுங்கினா ரவுட்டர் அணையறதில்ல. மெயினை அணைச்சா ரவுட்டரும் சேந்து அணையுது."

எனக்குப் பொறி தட்டியது. "அட! இவன் எழுந்து கூப்பிடறப்ப அது இன்னும் தூங்கிக்கிட்டிருக்கு. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு இவன் கோவிச்சுக்கிட்டுப் படுத்துடறான்!"

"இப்ப சொந்தமாச் சேக்கலாம். சரியாத்தான் சேத்தீங்க. அந்தப் புத்தகத்தை எடுங்க."

பெட்டியோடு வந்த கையேடு அது. பன்னிரண்டு பக்கம், எவனோ அவசரத்தில் தமிழாக்கியது. அக்கா முகத்துக்கு நேரே பிடித்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஒன்பதாம் பக்கத்தில் "நில்லுங்க" என்றார். நான் சத்தமாக வாசித்தேன். "கருவிக்கு முன் திசைவி இயங்க வேண்டும்."

"திசைவின்னா என்னக்கா?"

"ரவுட்டர்தான்."

"அதான் முன்னாலேயே வெச்சிருக்கானே."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வர, சிரிப்பு நிற்கவே இல்லை. "ஐயோ டிரைவர், இடமில்ல, காலம்! எதிர்லன்னு இல்ல, முந்தின்னு அர்த்தம். இவன் எழறதுக்கு முந்தி அது எழுந்திருக்கணும். அந்தப் பாவி இதைப் படிச்சுட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து இவன் மூஞ்சிக்கு முன்னால நிறுத்தி வெச்சிருக்கான்!"

நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. "ஒரே ஒரு வரி. அச்சுக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு ஆள் இதை உக்காந்து படிச்சிருந்தா, 'இது எந்த முன்?'னு ஒரு வார்த்தை கேட்டிருப்பான். படிக்கலை. படிக்க ஆள் வைக்கலை. அதுக்கு நான் நாலே கால் மணி நேரம் அடைஞ்சு கிடந்து வெயில்ல காஞ்சேன். நாளைக்கு என் வீட்டை விட்டே போகணுமாம். என்னை என்னன்னு நினைச்சானுங்க?" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

கோபத்தோடேயே கம்பெனிக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "கருவியை இயக்குவதற்கு முன்பே திசைவி இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும்" என்று திருத்தமும் கொடுத்தார். அனுப்பிய அரை நிமிடத்தில் பதில் வந்தது. "தங்கள் கருத்து பதிவு செய்யபட்டது." அக்கா அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, "வல்லினம்" என்று மட்டும் சொன்னார்.

பிழை தெரிந்துவிட்டது, திருத்துவது எப்படி? கரண்ட் வந்ததும் தம்பியை மூன்று நிமிடம் யாராவது பிடித்து வைக்க வேண்டும். அதற்கு ஆள் வைக்க முடியாது. யோசித்துக்கொண்டே தண்ணீர் குடிக்க என் வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் ஸ்டெபிலைசர் தொங்குகிறது. கரண்ட் போய் வந்தால் உடனே ஃபிரிட்ஜை ஓடவிடாது. மூன்று நிமிடம் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு, பிறகுதான் டக்கென்று விடும். ஆள் வேண்டாம், சம்பளம் வேண்டாம். ஃபிரிட்ஜ் ஒருநாள் எப்படியோ போகட்டும் என்று ஸ்டெபிலைசரைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். தம்பியை அதில் சொருகினோம். ரவுட்டரை நேராகச் சுவரில் சொருகினோம்.

மூன்று தடவை மெயினை அணைத்துப் பார்த்தோம். இரண்டு தடவை எழுந்தான். ஒரு தடவை எழவில்லை. அந்தத் தடவை ரவுட்டருக்கே பச்சை வர நாலரை நிமிடம் ஆகிவிட்டது. இன்னொரு தடவை பார்க்கலாம் என்றேன். "வேண்டாம். நாளைக்கு நாலாவது தடவை" என்றார் அக்கா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நர்ஸம்மா ஊட்ட வந்தபோது, அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார் அக்கா. பத்தரைக்கு அண்ணன் வந்தார். கடையிலிருந்து சாமான் தூக்கும் ஆட்கள் இரண்டு பேர், கீழே வண்டி. வந்தவர் நேராகப் போய் மெயினை அணைத்தார். பத்து எண்ணினார். போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. தம்பியின் நெற்றியில் விளக்கே இல்லை, முன்பாவது ஆரஞ்சு எரியும். ஒரு நிமிடம் போயிற்று. "பாத்தியாம்மா?" என்று என்னிடம் சொன்னார்.

"மூணு நிமிஷம் ஆகும்" என்றார் அக்கா.

இரண்டு நிமிடம் ஆனதும் ஆட்களைப் பார்த்து, "கட்டிலைக் கழட்டுங்கப்பா" என்றார். "எவனாவது கை வெச்சுப் பாருங்க!" என்று நான் கட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போய் பிரேக்கை எடுத்தார்.

"அண்ணா, கையை எடு."

"குழந்தை மாதிரி அடம் பிடிக்கறா" என்று அவர் என்னிடம்தான் சொன்னார். நாற்காலி இரண்டு அடி நகர்ந்தது.

"நாப்பத்தாறு வயசு அண்ணா! கையை எடு!"

டக்.

ஸ்டெபிலைசர் விட்டது. ரவுட்டரைப் பார்த்தேன், பச்சை. தம்பிக்கு வெள்ளை விளக்கு வந்தது. பிறகு நீலம் மினுங்கியது. எத்தனை விநாடி என்று நான் பார்க்கவில்லை. நீலம் மினுங்குவதை நிறுத்தி அசையாமல் நின்றது.

"தம்பி, ஃபேனைப் போடு" என்றார் அக்கா. ஃபேன் சுற்றியது. "தம்பி, திரையை மூடு." திரை மூடியது. "தம்பி, கதவைத் திற." வாசல் கதவு திறந்தது. ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சொல்லாமலேயே கீழே இறங்கிப்போனார்கள்.

அண்ணன் கை இன்னும் நாற்காலியின் பிடியிலேயே இருந்தது. பிறகு அதை எடுத்தார். குனிந்து பிரேக்கைத் திரும்பப் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "காலையில ஏதாவது சாப்பிட்டாளா?" என்றார்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அக்கா பக்கம் முகவாயைக் காட்டினேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பதினைந்து வருடமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றே பழகிய மனிதர், அதைச் சுற்றிக்கொண்டு நடந்து, முன்னால் வந்து, தங்கையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல" என்றார் அக்கா. "நீ?"